ஜன்னலோரப் பெட்டிக்கு ஒரு பேர்

பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்றால் வெந்நீரும் துணியும்தான் என்று நினைப்பீர்கள். பாதி வேலை பேர் கூப்பிடுவதுதான். தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வாசலில் பதினைந்து வருஷம் நின்றிருக்கிறேன். நர்ஸ் காதில் சொல்வாள், நான் கூவுவேன். நீங்களும் எங்கேயாவது வாயில் நுழையாத பேரைக் கூப்பிட்டு, நாலு பேர் சிரிக்க முழித்தவர் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

ஏழாம் மாசத்துப் பேர்

எண்பதுகளின் கடைசி. செம்பாக்கத்திலிருந்து செக்கப்புக்கு வரும் லில்லி டீச்சர் ஏழாம் மாசமே குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டார்: மகிழ். அப்படி ஒரு பேரை அதுவரை நான் கேட்டதில்லை. ஆணா பொண்ணா தெரியாமல் எப்படி என்றேன். எதுவானாலும் மகிழ்தான் என்றார்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்து பத்து நாளாவது ஆகாமல் பேரை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சும்மா இராமல் அதைச் சொல்லித் தொலைத்தேன். டீச்சர் எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

“முன்னாடி ரெண்டும் பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சுக்கா. இதுவாவது பேரோட வரட்டும்.”

கண்ணாடிப் பெட்டி

எட்டாம் மாசமே பிறந்துவிட்டது. பொண்ணு. உள்ளங்கையில் அடங்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த அறைக்குள் அம்மாவை விட மாட்டார்கள். வெளுத்த துணி வைக்க நான் போவேன். “போறப்பல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா” என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ கடைசி எழுத்து வராது, ‘மகிய்’ என்பேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாக்கை மடிப்பது எப்படி என்று வாயைத் திறந்து காட்டினார். படி துடைக்கும்போது சொல்லிப் பார்த்தேன், போர்வை பிழியும்போது சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் கழித்து வந்துவிட்டது.

சாயங்கால வெயில் பெட்டி மேல் விழும். மின்சார ரயில் போனால் கண்ணாடி லேசாக அதிரும். குனிந்து “மகிழ்” என்பேன். உள்ளே சுற்றிய துணி, தண்ணீருக்கு அடியில் ஏதோ புரளுவது மாதிரி அசையும். ஊரே அந்தப் பெட்டிக்குள் தூங்குவதாகத் தோன்றும். நர்ஸ்தான் என்னை எழுப்புவாள்.

“இன்னா ராணிக்கா, பெட்டியாண்ட நின்னு மந்திரம் போட்டுகினு கீற?”

இடம் மாறியது

பெட்டியில் ஒட்டிய சீட்டு இங்கிலீஷில் இருக்கும். நான் படித்தது மூணாங்கிளாஸ்தான். ஜன்னலோரப் பெட்டி டீச்சருடையது, எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஒருநாள் பெட்டிகளைக் கழுவி, இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ரெண்டு நாள் கழித்து நர்ஸ் துணி மாற்றும்போதுதான் பார்த்தேன்: ஜன்னலோரத்தில் இருந்தது ஆண் பிள்ளை! படப்பையிலிருந்து வந்த ஒருத்தர் மகன், படப்பைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம்.

அன்று காலைதான் டீச்சர் பிள்ளைக்கு எடை இறங்கிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். ரெண்டு நாளாக அதைக் கூப்பிட யாருமில்லை. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டிலருகே நின்று சொல்லிவிட்டேன். டீச்சர், அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேறு ஆள் உண்டா என்று கேட்டார். அதன் அம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றேன்.

“அப்ப நிறுத்தாதீங்கக்கா. ரெண்டையும் கூப்பிடுங்க.”

படப்பைக்காரர்

கூப்பிட்டேன். இந்தப் பக்கம் ஒரு மகிழ், அந்தப் பக்கம் ஒரு மகிழ். டீச்சர் பிள்ளைக்கு எடை இறங்குவது நின்றது, மெல்ல ஏறியது. பிள்ளையை முதல்முதலாகக் கையில் வாங்கிய அன்று டீச்சர் பேர் சொல்லவே மறந்துபோனார், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படப்பைக்காரர் குலதெய்வத்தின் பேரைத் தயாராக வைத்திருந்தவர். வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மகனோடு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். தினமும் கதவுக்கு வெளியே நின்று என் குரலைக் கேட்டிருக்கிறார்.

“எங்க சாமி பேரச் சொன்னா தூங்கிகினே கீதும்மா. நீ சொல்றத சொன்னா முழிக்குது. இன்னொரு தபா சொல்லு, வூட்ல சொல்லிக் காட்டணும்.”

ஊசி போடும் நாள்

ரெண்டு பிள்ளைகளும் பிழைத்த கதை வார்டு வார்டாகப் பரவியது. தொண்ணூறுகளில், ஊசி போடும் நாளில் “மகிழ்” என்று கூப்பிட்டால் நாலு அம்மாக்கள் எழுந்தார்கள். மகி, மகில், மகிலு என்று ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். ஒருத்தியைத் திருத்தப் போனேன். மகளோடு வந்திருந்த டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்கக்கா. நீங்க மகிய்னு கூப்பிட்டப்பவும் என் பொண்ணு போகாம இருந்தாளே.”

பதினைந்து வருஷம் பேர் கூப்பிட்டதில் என் நாக்கில் சரியாக ஏறியது ஒரே ஒரு எழுத்து. அதையும் ரெண்டு நாள் தப்பான பெட்டியிடம்தான் சொல்லியிருக்கிறேன்.