மூன்று மிதி

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். எறையூரில் அது ஒரு டாக்டர் பட்டம் மாதிரி. இடுப்புப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு, சுளுக்கு என்று எது வந்தாலும் எங்கள் வாசலுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நான் மூன்று தடவை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். கரும்பு வெட்டுகிற ஆட்கள், லாரி டிரைவர்கள், ஒரு தடவை எங்கள் கணக்கு வாத்தியார்கூட என் காலடியில் கிடந்திருக்கிறார். எனக்குப் பெருமை பிடிபடாது. படிப்பில் வராத மரியாதை காலுக்கு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் தங்கை கபடி ஆடுவாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாமே. அதற்கு முதலில் மாநில அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மாவட்ட அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கீழப்பழுவூரில் ஒரு மேட்ச். கபடி பாடிப் போனவளை, திரும்பும்போது நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துவிட்டார்கள். பாதம் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது.

சாயங்காலம் இரண்டு தோழிகளின் தோளில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். முட்டி கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது.

"உள்ளார டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா."

"சுளுக்குதான்டி. சுளுக்குன்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? தசை, நரம்பு, ஜவ்வு எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். எலும்பு முறியவில்லை என்றால் சுளுக்கு. ஐஸ் வைத்து, காலை அசைக்காமல் உயர்த்தி வைக்கும்படி கோச் போனில் சொல்லியிருந்தார். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். நான் நல்லெண்ணெய் போட்டு உருவினேன். பிறகு அவளைக் குப்புறப் படுக்கவைத்து முட்டிக்குப் பின்னால் ஏறி மிதித்தேன். இரண்டாவது மிதியில் பாயில் முகத்தைப் புதைத்துக் கத்தினாள். எனக்குக் கேட்காமல் இல்லை. மூன்று என்றால் மூன்றுதான் என்று மிதித்து முடித்தேன்.

ஒரு வாரம் காலையும் மாலையும் இதே வைத்தியம். வீக்கம் கொஞ்சம் வடிந்தது, நடந்தாள். அக்கம்பக்கத்தில் என்னைத்தான் மெச்சினார்கள். பெரம்பலூரில் தேர்வன்று அவளை யாரும் தொடவேயில்லை. சும்மா திரும்பினாள், முட்டி மடங்கி விழுந்தாள். நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன்.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தோம். அவள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் படத்தை என்னிடம் காட்டினார்.

"ஜவ்வு முழுசா அறுந்திருக்கு. மொத அடியில கொஞ்சமாத்தான் கிழிஞ்சிருக்கலாம். ரெஸ்ட் குடுத்திருந்தா தப்பிச்சிருக்கும். யாராவது உருவுனாங்களா, மிதிச்சாங்களா?"

"இல்லங்க சார்" என்றேன். என் வாய் கூசவேயில்லை.

எது எப்போது அறுந்தது என்று எந்தப் படத்திலும் தெரியாதாம். கீழப்பழுவூர் மண்ணிலா, என் காலடியிலா, தேர்வு மைதானத்திலா? தெரியாமல் இருப்பது ஒரு ஆறுதல் என்று யாராவது சொன்னால் அவர்கள் என் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

ஆபரேஷன் நடந்தது. நடக்கிறாள், ஓட முடியாது. கபடி போச்சு, போலீஸ் வேலையும் போச்சு. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டுகிறாள். "அக்கா சரி பண்ணித்தான் விட்டுச்சு. நான்தான் அவசரப்பட்டு ஆடிக் கெடுத்துக்கிட்டேன்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் வந்தால் நேரமில்லை என்று தட்டிக் கழித்துவிடுகிறேன். அவளை அப்படித் தட்டிக் கழிக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை. முட்டி குடைகிறது என்று பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தாள். என்னைக் கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, என் பாரம் முழுவதையும் ஒரு காலில் வைத்து, இன்னொரு பாதம் அவள் தோலில் பட்டால் போதும் என்று வைத்தேன்.

"இன்னும் நல்லா மிதிக்கா" என்றாள். "அன்னைக்கு மாதிரி."