நானா எடுத்த ரோல்ஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே நானாவின் சாப்பாட்டுக்கடைதான். அவர் முஸ்லிம், தெருவே அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும். துறைமுகத்து லொறிக்காரர்கள் சிங்களத்திலும் நாங்கள் தமிழிலும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சத்தம் போடுவோம். கேட்காமலே பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் குவித்த தட்டு வந்துவிடும். தின்றதற்கு மட்டும்தான் கணக்கு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

தேவாலயத்தில் குண்டு வெடித்த வருடம், பழி எல்லா முஸ்லிம்கள் மேலும் விழ, அந்தக் கடை காலியானது. முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு கதை. யார் கண்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்பா, "உந்த விசர்க் கதையை நம்பி நானாவைக் கைவிடுறதோ?" என்று ஒருநாள் எங்களை இழுத்துக்கொண்டு போனார். நோன்பு மாதம், நானா பச்சைத்தண்ணீர்கூட வாயில் வைக்காத பகல். எட்டு வயது எனக்கோ பசி கண்ணைக் கட்டியது.

தட்டு வந்தது. அம்மா என் கையை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பூசையில் எங்களோடு ஒரே வாங்கில் இருக்கும் அன்ரி வாசலில் நின்று, "ஐயோ, பிள்ளைக்கும் இங்கயோ குடுக்கிறீங்க?" என்றார். அம்மாவின் நகம் என் தோலில் பதிந்தது.

நானா எங்கள் மேசைக்கு வந்தார். ஏசப் போகிறார் என்று பயந்தேன். "ஒண்டும் இல்ல தங்கச்சி, பாருங்கோ" என்று தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"நானா, நோன்பெல்லோ!" என்று அப்பா பதறி எழுந்தார்.

அதற்குள் அம்மா என்னை விட்டுவிட்டுப் பாய்ந்து அந்த ரோல்ஸைப் பறித்துவிட்டார். பறித்து, அப்படியே வாயில் வைத்து, அழுது அழுது மென்றார். நானா தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். அன்ரி எப்போது போனாரோ தெரியாது. நான் இதுதான் சாக்கென்று இரண்டு கையாலும் தின்றேன்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து டொபி பறித்ததற்கு முந்தின நாள்தான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன்.

"நான் பறிச்சா அடி. நீங்க மட்டும் நானாட கையில இருந்து பறிக்கலாமோ?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அம்மாவின் வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.