ஜீவா கேட்காத ஆம்ப்ளிபையர்

1. துண்டில் சுற்றி வந்த பெட்டி

மாமி துண்டைப் பிரித்து ஆம்ப்ளிபையரை டேபிள் மேல் வைத்தார். "இதுல ஜீவா போயிடுத்து. சரி பண்ண முடியலேன்னா புதுசு குடுங்கோ" என்றார்.

எங்கள் கடை திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முதலாளி சலீம் பாய். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். வியாபாரப் பேச்சு அவருடையது, டெஸ்டிங் டேபிள் என்னுடையது. எனக்குப் படிப்பு ஐந்தாவது வரைதான். கஸ்டமரிடம் பேசக் கூச்சம், அதனால் பின்னால் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பேன். இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், எழுது அக்கா என்று பாய் சொன்னார். எழுதுகிறேன்.

"ஜீவான்னா இன்னா மாமி? பேட்டரியா?" என்று கேட்டார் பாய்.

"பேட்டரியும் இல்லை, ப்யூஸும் இல்லை. தம்புராவுல தந்திக்கு அடியில ஒரு நூல் வெப்போம். அது சரியா உக்காந்தாத்தான் நாதம் ரீங்காரமா எழும்பும். அதுக்குப் பேர் ஜீவா. இந்தப் பொட்டியில வெறும் கட்டைச் சத்தம்தான் வரது."

மாமி மந்தைவெளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மாணவர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். கம்ப்யூட்டரில் அவர்கள் பாட, ஆம்ப்ளிபையர் வழியாக ஸ்பீக்கரில் கேட்டுத் திருத்துவார்.

"போன வாரம் ஒரு கொழந்தையை அழ வெச்சுட்டேன் பாய். தம்புரா போடாம பாடறயேன்னு திட்டினேன். போட்டிருக்கேன் மாமின்னா. பொய் சொல்லாதேன்னேன். செல்போனைக் காமிரா கிட்டக்க கொண்டுவந்து காமிச்சா. அதுல தம்புரா ஆப் ஓடிண்டிருக்கு! எனக்குக் கேக்கலை. பொட்டி முழுங்கிடுத்து. லீவுக்கு இங்க வரா, முதல் கச்சேரி வெச்சிருக்கு. ஸ்ருதியோட நிக்கறாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படி அவளை மேடையேத்தறது? வேண்டாம்னு சொல்லிடலாமான்னு யோசிக்கறேன்."

2. மூன்று சின்னப் பெட்டிகள்

பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். வால்யூம் கண்ட்ரோலில் தூசி. ஸ்ப்ரே அடித்துத் துடைத்ததும் கரகரப்பு போனது. வேறு கோளாறு தென்படவில்லை. மாமிக்கு அது போதவில்லை. பாய் புதிதாக வந்திருந்த மூன்று சின்ன ஆம்ப்ளிபையர்களை எடுத்து வைத்தார். மூன்றும் டிபன் பாக்ஸ் அளவுதான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ரகப் பெட்டிகளை நான் முன்னமே டெஸ்ட் பண்ணிவைப்பது வழக்கம். ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு, அதாவது ஒரு பெரிய ரெசிஸ்டரை மாட்டி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரே சீரான விசில் சத்தம் கொடுப்போம். சத்தத்தை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் அது உருண்டையாக ஓடும். வால்யூமை ஏற்ற ஏற்ற ஓர் இடத்தில் அலையின் தலை தட்டையாகிவிடும். அதற்குமேல் வருவது சங்கீதம் இல்லை, இரைச்சல். தட்டையாவதற்கு முன்னால் எத்தனை வாட்ஸ் கிடைக்கிறதோ அதுதான் அந்தப் பெட்டியின் நிஜமான வாட்ஸ். அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

அன்றைக்கு இருந்தவற்றில் ஒன்றாம் நம்பர் சுத்தமானது. பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கிடையாது. ஆனால் சீக்கிரம் சூடாகும். இரண்டாம் நம்பரில் அந்த 'ஸ்ஸ்' கொஞ்சம் உண்டு. மூன்றாவதில் ஸ்பீக்கரை மாற்றினால் கீச்சென்ற மேல் சத்தமும் மாறும். மாமி வீட்டு அறைக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்றுமே தாராளம்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. கஸ்டமர் கேட்டுப் பார்க்கும்போது வோல்டேஜ் மீட்டரை வெளியே எடுக்கக் கூடாது. பாயின் வாப்பா காலத்து ஏற்பாடு. தன் காதை நாம் சந்தேகப்படுவதாகக் கஸ்டமர் நினைத்துக்கொள்வார் என்பார். அதனால் மூன்றிலும் வால்யூமை நடுவில் நிறுத்தி, ஸ்விட்சைத் தட்டித் தட்டி மாற்றிக் காட்டுவோம்.

3. இரண்டாம் நம்பர்

மாமி தன் செல்போனிலிருந்து தம்புராவை ஓடவிட்டார். ஒன்றாம் நம்பர். உதட்டைப் பிதுக்கினார். இரண்டுக்குத் தட்டினார் பாய்.

"இதோ! வந்துடுத்து! ஜீவா வந்துடுத்து பாய்!"

கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக 'ஸா' பிடித்தார். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவதைப் பாதி கேட்டதுமே கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

"அக்கா, ரெண்டாவதை பேக் பண்ணிடு" என்றார் பாய்.

கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை மீட்டர் வைப்பேன். வைத்தேன். வால்யூம் அதே நடுவில்தான் நிற்கிறது, ஆனால் மற்ற இரண்டையும்விட வோல்டேஜ் எகிறி நின்றது, அதாவது சத்தம் அதிகம். சில கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். லேசாகத் திருப்பினாலே அதிர வேண்டும் என்று வைத்துவிடுவார்கள். காதுக்குச் சத்தம் கூடினால் சுகமும் கூடின மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான், யாருக்கும் அப்படித்தான். மாமி கேட்டது ஜீவாவை அல்ல, கூடுதல் சத்தத்தை.

வெறும் பாட்டு கேட்கிறவராக இருந்தால் கட்டிக் கொடுத்திருப்பேன். இவர் இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மேடையேற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறார். பாயைப் பின்னால் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன்.

"மாமி குஷியா கீதுக்கா. நீ ஏன் கெடுக்கிறே?"

"கச்சேரின்றாங்களே பாய்."

பாய் மீட்டரை அவரே எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

4. ஒரே வோல்டேஜில்

"மாமி, ரெண்டாவது கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியா கீது. எல்லாத்தையும் ஒரே அளவுல வெச்சு இன்னொரு தபா கேட்டுடுங்க."

விசிலைக் கொடுத்து மூன்றையும் மீட்டரில் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்தேன். மாமியின் பழைய பெட்டியையும் நாலாவதாகச் சேர்த்தேன். மறுபடி தம்புரா. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மாமியின் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டாவதைப் போடுங்கோ."

"ரெண்டாவதுதான் மாமி ஓடுது."

"அப்ப ஜீவா எங்கே?"

பாய் சமாளிக்கப் பார்த்தார். "கடையில அப்படித்தான் மாமி. ரூம் எபெக்ட். உங்காத்துல வெச்சுக் கேட்டா வேற மாதிரி இருக்கும்."

"நீ பொய் சொல்றதானா உன் பாஷையிலேயே சொல்லு பாய். ஆத்து பாஷையெல்லாம் வேண்டாம்" என்றார் மாமி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நான் வந்ததுலேர்ந்து நீ வாயே தொறக்கலையே. நீ சொல்லு. இப்ப ஜீவா இருக்கா, இல்லையா?"

ஸ்கோப் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பெரிய அலையின் மேல் பொடிப்பொடியாக நெளிவுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இந்தப் பொடி அலைதான் மாமி அந்த ரீங்காரம். எனக்கே அரைகுறையாத்தான் கேக்குது, வயசாயிடுச்சு. அதனாலதான் திரையைப் பார்க்கிறேன். பாய்க்கு நல்லா கேக்குது."

"நாலுலயுமா?"

"நாலுலயும். உங்க பழசுலயும். பெட்டி நல்லா இருக்கு மாமி."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். மாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கொழந்தையோட தம்புராவைப் பொட்டி முழுங்கலை. எனக்குத்தான் கேக்கலை."

"ஆமா மாமி."

"அன்னிக்கு மட்டுமில்லே. நான் திட்டினப்பல்லாம்."

மாமி எழுந்து பழைய பெட்டியைத் துண்டில் சுற்றினார். முடிச்சு சரியாக விழவில்லை. நான் போய்க் கட்டிக் கொடுத்தேன். பாய் அதை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

5. பிறகு

கொஞ்ச நாள் கழித்து ஸ்பீக்கர் ஒயர் வாங்க வந்தார். காது கேட்கும் மிஷின் மாட்டியிருந்தார்.

"பேச்சு நன்னா கேக்கறது. தம்புராதான் தகர டப்பா மாதிரி கேக்கறது" என்றார்.

கச்சேரி என்ன ஆயிற்று என்று பாய் கேட்டார்.

"கொழந்தை கிட்ட மன்னிப்பு கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு வித்வானைக் கூப்பிட்டு அவ ஸ்ருதியைக் கேக்கச் சொன்னேன். ஊசிமுனை கூட வெலகலைன்னார். பாடினா. நான் முன் வரிசையில உக்காந்து தாளம் மட்டும் போட்டேன். பெரிய பசங்களை அந்த வித்வான் கிட்டயே அனுப்பிட்டேன். சின்னதுகளுக்கு சரளி வரிசையெல்லாம் இன்னும் நான்தான் சொல்லித் தரேன்."

ஒயரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மீட்டர் இப்போது எங்கள் கடையில் கஸ்டமர் முன்னால்தான் இருக்கிறது. இரண்டு பெட்டியை ஒப்பிட்டுக் கேட்பதானால் முதலில் இரண்டையும் ஒரே வோல்டேஜில் நிறுத்துங்கள். வால்யூம் திருகில் போட்ட கோடுகளை நம்பாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. முகம் வாடிப்போய் நிற்பார்கள். அப்போது டேபிளை விட்டு எழுந்து போய், விலை குறைந்ததையே எடுத்துக்குங்க என்று சொல்கிறேன். கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.