கம்பெனி கேட்டில் ஒட்டிய வேலை அறிவிப்பு

ஐந்தாவதோடு படிப்பை விட்ட நான், பேரணாம்பட்டில் சொந்தமாக ஷூ கம்பெனி நடத்துகிறேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருநாள் புலம்பினார்.

"டெம்பரவரி டீச்சர் வேலை காலின்னு ஊரறிய ஒட்டணும் பாய், அதான் ரூல். ஸ்கூலுக்குள்ள ஒட்டினோம், ஒருத்தரும் வரல. நாளைக்குக் கடைசி நாள்."

"என் கம்பெனி கேட்டுல ஒட்டுறேன். ஊரே பாக்கும்!" என்றேன்.

மறுநாள் விடியலில் பனி மூடியிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் நிழல்களாக உள்ளே மிதந்தார்கள். எனது கெட்டிக்காரத் தையல்காரி சல்மா மட்டும் அறிவிப்பின் முன் அசையாமல் நின்றாள்.

"இன்னாம்மா, உள்ள போகல?"

"நான் பி.எட். முடிச்சிருக்கேன் பாய்."

"சொல்லவே இல்லியே!"

"தைக்க வருமான்னுதானே கேட்டீங்க."

"போ, மனு குடுத்துட்டு வா."

பனிக்குள் அவள் கரைந்துபோனாள். ஓடாத மெஷினைக் கண்டால் கத்துகிறவன் நான். அன்று அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் திரும்பி வரவே கூடாதென்று அல்லாவிடம் கையேந்தி துஆ செய்தேன்.