தங்க உறுப்பினருக்கு அறை இல்லை

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் சாரலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அங்கே அனுப்பியவன் நான். என் விரலைப் பிடித்து அனுப்ப வைத்தது கைபேசியில் இருக்கும் ஒரு செயலி. ஓட்டல் அறை பிடித்துக் கொடுக்கும் அந்தச் செயலி என்னைத் தங்க உறுப்பினர் என்று கூப்பிடுகிறது. அந்தத் தங்கத்தை உருக்கி அதன் தலையிலேயே ஊற்ற வேண்டும் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பில்லில் ஒரு முத்திரை இடம் மாறி விழுந்திருந்தாலும் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியவன். அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் கோயில் கோயிலாகப் போனதில் அறை பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. தங்கத் தங்க அந்தச் செயலி என்னைப் படிப்படியாக உயர்த்தித் தங்கம் ஆக்கியது. அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு நான் காத்திருந்த காலத்தை நினைத்தால், அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பையனை அவளே பார்த்துக்கொண்டாள். பையனின் அப்பா திருச்சியில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், அரை மனதாகத்தான் சம்மதித்திருந்தார். மிச்ச அரை மனது எங்கள் ஊருக்கு வந்து எங்களைப் பார்த்த பிறகு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் மகள் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் தட்டு மாறும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாடு கிடையாது என்றால் படுக்கையும் கிடையாது. விடிந்ததும் முகூர்த்தம் என்பதால் முதல் நாளே வந்து வெளியே தங்க வேண்டும். ஆக, எங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் பார்க்கப் போவது நான் பிடித்துக் கொடுக்கும் அறையை.

எங்கள் போடி ஊருக்குள் இதற்கென்று ஒரு லாட்ஜு இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்து நாலு தெரு. ராவுத்தர் குடும்பம் நடத்துவது. கல்லாவில் இருக்கும் பெரியவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார், சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். ஏலக்காய் ஏலம் நடக்கும் நாள்களில் வடக்கே இருந்து வரும் வியாபாரிகள் அங்கேதான் இறங்குவார்கள். யாரும் பதிவு செய்வதில்லை. ‘வர்றோம்’ என்று ஒரு வார்த்தை. சில நேரம் அதுவும் கிடையாது. போன தடவை வந்தவன் இந்தத் தடவையும் வருவான் என்று இவரே சாவியை எடுத்து வைத்துவிடுவார். நிர்வாகம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. சமீபத்தில் அவருடைய மகன் லாட்ஜைச் செயலிகளில் ஏற்றியிருந்தான். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

“லாட்ஜு இங்கன நாலு தெருவு. நடந்து போயி ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சு” என்றாள் மனைவி.

“வாய்ல சொன்னதுக்கு ரசீது உண்டா?”

“ஆமா, ரசீத வச்சுத்தான் மகளக் கட்டிக் குடுக்கப் போறீக.”

நான் மூன்று வழிகளை ஒப்பிட்டேன். முதலாவது, என்னைத் தங்கம் ஆக்கிய தளம். மாமாவின் லாட்ஜுப் படத்தின் மேல், ‘இப்போது பலர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், விரையுங்கள்’ என்று சிவப்பில் மினுக்கியது. அந்த லாட்ஜைப் பார்க்க எதிர் டீக்கடையில் உட்கார்ந்தாலே போதும். விரைய ஒன்றும் இல்லை. இரண்டாவது இன்னொரு தளம். வாடகையைக் குறைத்துக் காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று ஏற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. வசதி யாருக்கு என்று எழுதவில்லை. மூன்றாவது, ஓட்டல் நிறுவனம் ஒன்று தானே நடத்தும் உறுப்பினர் திட்டம். தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் பாயிண்ட் தருவார்கள். அந்தப் பாயிண்ட்டைத் தேவை அதிகமுள்ள நாள்களில் பயன்படுத்த முடியாது. தேவை அதிகமுள்ள நாள் எது என்றால், யாராவது பயன்படுத்த நினைக்கும் நாள். இப்படி ஒரு விதியை அரசாங்கத்தில்கூட எழுதக் கூச்சப்படுவார்கள்.

முதல் தளத்திலேயே, மாமாவின் லாட்ஜையே பிடிப்பது என்று முடிவு செய்து, மாப்பிள்ளை வீட்டில் தலைக்கணக்கு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பவும் திறந்தேன். அந்தத் தேதிக்கு அறைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. அந்தத் தேதிக்கு மறுநாள் ஏலம் என்பது ஞாபகம் வந்தது. வடக்கத்தி வியாபாரிகளுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். என் வீட்டு விசேஷம் ஊருக்கே தெரியும், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அன்று மாலை லாட்ஜைக் கடந்து நடந்தேன். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“என்ன மாப்ளே, விசேசச் சோலியெல்லாம் எந்த மட்டுல இருக்கு?”

“நடக்குது.”

“மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்க? நல்ல காரியம், சந்தோசமா செய்யி.”

எல்லா அறையையும் விற்றுவிட்டுச் சந்தோஷம் வேறா என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதே வேகத்தில் மலையில் இருக்கும் ஓர் ஓட்டலைப் பிடித்தேன். மூன்றாவது வழி என்றேனே, அந்த நிறுவனத்தின் ஓட்டல்தான். அவர்கள் திட்டத்தில் எடுத்தால் பாயிண்ட் செல்லாது. செயலி வழியாக எடுத்தால் தங்கத்துக்குத் தள்ளுபடி. எடுத்தேன். ‘போடிமெட்டு, போடிநாயக்கனூர் அருகில்’ என்று போட்டிருந்தது. குளிர், பள்ளத்தாக்குக் காட்சி, லிப்ட்.

“நெஞ்சுக்கு ஸ்டென்ட் வச்ச மனுசன அந்த வளைவுல ஏத்தி எறக்கணுமா?” என்றாள் மனைவி.

“அவரு படி ஏறி நோக வேணாம்னுதான் லிப்ட்டு இருக்கிற எடமாப் பாத்திருக்கு.”

மகள், “அப்பா, உறுதியாயிருச்சுல்ல?” என்று மட்டும் கேட்டாள். உறுதிச் சீட்டைக் காட்டினேன். அச்சடித்து உறையில் போட்டும் வைத்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வேன் அடிவாரத்து முந்தல் தாண்டி மலையேறிவிட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அவருடைய அடுத்த அழைப்பு சோதனைச் சாவடியில் இருந்து.

“மாமா, ஓட்டல் இன்னும் தள்ளிக் கேரளாவுக்குள்ள இருக்காம். இந்த வேனுக்கு கேரளா பெர்மிட் இல்லைன்னு டிரைவர் நகர மாட்டேங்கிறாரு. அப்பா வர்ற வழியிலேயே ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாரு.”

வாடகை வண்டி எல்லை தாண்ட அந்த மாநில அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முகவரியில் போடி என்று இருந்ததால் எல்லையை நினைக்கவில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்தவனுக்கு மாநிலம் ஒரு பொருட்டில்லை.

செயலியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். முதலில் என் தங்கத்துக்கு நன்றி சொன்னது ஒரு பதிவுக் குரல். அப்புறம் பாட்டு. அப்புறம் ஒரு பெண்.

“உங்கள் சிரமம் புரிகிறது சார். வாகன அனுமதி எங்கள் பொறுப்பில் வராது. ரத்து செய்யலாம், ஆனால் இலவச ரத்துக்கான நேரம் முடிந்துவிட்டது.”

“முகவரியைத் தப்பாப் போட்டது யாரும்மா?”

“அது ஓட்டல் கொடுத்த விவரம் சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

வேறு ஏதாவதாம். ஓட்டலுக்கு அடித்தேன். மலையாளம் கலந்த தமிழில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

“சாரே, நம்ம மெம்பர் புக்கிங் ஆனா செக்போஸ்ட்டுக்கு ஜீப்பு விடும். இது சைட்டு வழி வந்ததல்லே? அதுக்கு பிக்கப் இல்லா.”

“எங்கிட்ட ஒங்க மெம்பர் கார்டும் இருக்கு!”

“ஆனா புக் செஞ்சது அதுல அல்லல்லோ, சாரே.”

என் வாழ்நாளில் எத்தனை பேருக்கு இதே தொனியில், இதே பொறுமையோடு, விதியைச் சொல்லி அனுப்பியிருப்பேன் என்பது வேறு விஷயம். அப்போது போனை உடைக்கத்தான் தோன்றியது. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவே அழைத்தார்.

“சார், போடின்னா ஊருன்னு நினைச்சேன். இங்க மேகம்தான் இருக்கு.”

முந்தின நாள்வரை அவர் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மகளுக்கும் அந்தச் ‘சார்’ கேட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“கீழ எறங்கச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று தெரியாது. ஏலத்துக்கு முந்தின ராத்திரி ஊரில் வேறெங்கும் அறை கிடைக்காது. கால் லாட்ஜுக்குத்தான் போயிற்று. கெஞ்சத்தான் போனேன். கல்லாவைப் பார்த்ததும் வாய் வேறு மாதிரி திறந்தது.

“மாமா, நல்லா இருக்கா இது? எம் மக நிச்சயத்தன்னிக்கு வடக்கத்தி ஆளுகளுக்குப் பூராவும் தூக்கிக் குடுத்திருக்கீகளே!”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யாருக்குடா குடுத்தேன்?”

“ஒரு ரூம்பு இல்லன்னு போட்டிருக்கே!”

“போடாம? வெளியாளு எவனும் எடுத்துறக் கூடாதுன்னு மகன்ட்டச் சொல்லி அடச்சு வச்சதே நாந்தான். கீழ் வரிசை பூராவும் ஒனக்குத்தான் பூட்டிக் கெடக்கு. ஏலக்கா யாவாரிக ரெண்டு பேர கம்பத்து லாட்ஜுக்கு அனுப்பிருக்கேன், தெரியுமா? காலைல இருந்து சம்பந்தி வருவாக, வருவாகன்னு வெந்நி போட்டு வச்சு ஆறிப் போச்சு. எங்கடா அவுக?”

“போடிமெட்டுல.”

“அங்கன என்னடா சோலி?”

மாமா ஆணியில் மாட்டியிருந்த சாவிகளை மொத்தமாக எடுத்து மேசையில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரம் நிம்மதியைவிடப் பெரிதாக இருந்தது.

“எடுத்து வச்சா எடுத்து வச்சேன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?”

“விசேச வீட்டுக்காரன், நீ வந்து கேக்க வேணாமா? மொகத்தத் தூக்கிட்டுப் போன. பணம் காசு நெருக்கடி போலன்னு நெனச்சு நானும் வாயத் தொறக்கல.”

“சொல்லாம எடுத்து வைக்கிறது ஒரு நடைமுறையா?”

“சொல்லிட்டு எடுத்து வச்சா அது யாவாரம்டா, கூறு கெட்டவனே.”

இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கைத்தாங்கலாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மாமா அவரை உட்கார வைத்து, பால் இல்லாமல் எலுமிச்சை பிழிந்த கட்டஞ்சாயா கொடுத்தார். கொடுத்த கையோடு என்னைக் காட்டி ஆரம்பித்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்கிறாதீக. இவன் வீடு இங்கன நாலு தெருவுல இருக்கு. இங்க வர்றதுக்கு கேரளா வழியா ரோடு போட்டிருக்கான்.”

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “எந்த சைட்டுல போட்டீங்க?” என்று கேட்டார். சொன்னேன். சட்டைப் பையில் இருந்து கைபேசியை எடுத்து என் முன்னால் நீட்டினார். அதே செயலி. தங்க உறுப்பினருக்குப் போடும் அதே மஞ்சள் பட்டை. அவரும் தங்கம்.

“போன வருஷம் காசியில” என்று ஆரம்பித்தார். “ரெண்டு அறைன்னு உறுதி பண்ணிட்டு, போய் நின்னா ஒண்ணுதான் இருக்குங்கிறான். சீனியர் சிட்டிசன், கூட வயசான அக்கா. போன் பண்ணினா தங்கத்துக்கு நன்றிங்கிறான் சார்!”

“வேறு ஏதாவது உதவி வேண்டுமான்னு கேட்டானா?”

“கேட்டான் சார், கேட்டான்!”

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். அறைக்குக் கூட்டிப் போனால் படுக்க மாட்டேன் என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதலாமா, முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டுமா, முகவரிப் பிழை சேவைக் குறைபாட்டில் வருமா என்று கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு கேட்டார். வரும் என்றேன். தவறான விவரம் என்று தனித் தலைப்பு போடலாம் என்றேன். அவர் மனைவி வந்து, “பொண்ணு பாக்க வந்தீங்களா, கேஸு போட வந்தீங்களா?” என்று கேட்டு விளக்கை அணைத்த பிறகுதான் நான் கிளம்பினேன். வாசல்வரை அவர் குரல் வந்தது.

“சம்பந்தி! அந்த உறுதிச் சீட்டைக் கிழிச்சுறாதீங்க, காலைல கொண்டாங்க!”

வீட்டுக்கு வந்து மகளின் கதவைத் தட்டி, அவர் என்னை என்னவென்று கூப்பிட்டார் என்பதை மட்டும் சொன்னேன். எழுந்து வந்து சாப்பிட்டாள்.

காலையில் தட்டு மாறியது. மாமா வெள்ளைச் சட்டையில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. தங்காத அறைக்கு முழுக் கட்டணத்தை எடுத்துக்கொண்ட செயலி, ‘உங்கள் தங்கல் எப்படி இருந்தது?’ என்று கேட்டு மேளச் சத்தத்துக்கு நடுவில் என் சட்டைப் பையில் துடித்தது. சம்பந்தியிடம் காட்டினேன். தாம்பூலத்தை வாயில் அடக்கிக்கொண்டு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கல்யாணம் தையில். இந்தத் தடவை முறையாகச் செய்வது என்று நேற்று லாட்ஜுக்கு நடந்தே போனேன். கல்லாவுக்கு நேரே நின்று, டீக்கடை வரைக்கும் கேட்கும் குரலில், தேதி சொல்லி, எத்தனை பேர் என்று சொல்லி, அறை வேண்டும் என்று கேட்டேன். மாமா செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“தட்டு மாத்துன அன்னிக்கே எடுத்து வச்சாச்சு. வெரசாப் போயி வேற சோலியப் பாரு.”

“அப்பச் சொல்லித் தொலைய வேண்டியதுதான மாமா!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.