காலாங் ஆற்றுக்கு நான் போட்ட சிவப்பு

எங்கள் சைக்கிள் குழுவில் பாதைகளுக்கு நிறம் பிரித்துக் கொடுப்பவன் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. பத்து வருஷமாகச் சைக்கிளைத் தொடாத ஒரு மனிதரை எடுத்த எடுப்பிலேயே நெடுந்தூரம் இழுத்துப்போய், அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ள, டாக்சியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு ஆற்றோரப் பாதைகளை மூன்றாகப் பிரித்தேன். பழகுபவர்களுக்குப் பச்சை, ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மஞ்சள், அனுபவசாலிகளுக்கு மட்டும் சிவப்பு. சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் நிறத்தைப் போடுவேன். ஞாயிறு காலை சொன்ன இடத்தில் கூடி ஓட்டிவிட்டு, தேக்கா கடைத்தெருவில் தோசை சாப்பிட்டுக் கலைவோம்.

பச்சை என்றால் பொங்கோல் நீர்வழி. அகலமான சமதளம், நிழல், உட்கார பெஞ்சு, கழிப்பறை எல்லாம் உண்டு. வாண்டுகள் மூன்று சக்கர வண்டியில் குறுக்கே பாய்வது ஒன்றுதான் ஆபத்து. மஞ்சள் என்றால் புக்கிட் பாத்தோக் பக்கமிருந்து உலு பாண்டான் ஆற்றோடு இறங்குவது. நடுவில் சாலையைக் கடக்க வேண்டும், மேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும், மழை பெய்திருந்தால் இலையில் சக்கரம் வழுக்கும். சிவப்பு ஒன்றே ஒன்று. பீஷான் பூங்காவில் தொடங்கி, தோ பாயோ ஓரமாக, பொத்தோங் பாசிர் தாண்டி, ஆறு அகன்று விரிகிற இடம்வரை போகும் காலாங் பாதை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலாங் பாதையில் ஒரு கஷ்டமும் கிடையாது. ஓரிரு இடத்தில் இறங்கித் தள்ளினால் போதும். மற்றபடி வழித்துவிட்ட மாதிரி சமமாக இருக்கும். முன்பெல்லாம் அதற்குப் பச்சைதான் போட்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் நண்பன் அங்கே நெஞ்சடைத்து விழுந்து செத்தபிறகு, நானே அதைச் சிவப்பாக்கினேன்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் குழுவில் புதிதாகச் சேர்ந்தாள். போன வருஷம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "அங்கிள், நான் மேப்ல பாத்தேன், ஃபுல்லா ஃபிளாட்டா இருக்கு. எதுக்கு ரெட்?"

"மேப்ல எல்லாம் தெரியாது லா. ஓட்டினவனுக்குத்தான் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், சரியாகத்தான் கேட்டாள்.

என் நண்பன் செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது. மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை, நாங்கள் இருவர் மட்டும். அவன் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே ஆறாவது மாடியில் இருந்தான், இருபது வருஷப் பழக்கம். அவன் சைக்கிளில் பின் மட்கார்டு ஆணி கழன்று லொடலொடவென்று ஆடும். ஒரு மாதமாக அதை முடுக்கச் சொல்லி நானும் கத்தினேன். "இருக்கட்டும் லா, சத்தம் கேட்டா ஆளுங்க ஒதுங்குவாங்க, பெல் அடிக்கிற வேலை மிச்சம்" என்பான். போகிற வழியில் நீர்நாயைப் பார்த்தால் இறங்குவான், மீன்கொத்தியைப் பார்த்தால் இறங்குவான். பத்துப் படம் எடுத்து, பத்தும் மங்கலாக இருக்கும். எனக்கோ வேகமாகப் போக வேண்டும். அவனைக் காத்துக் காத்தே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

அன்றும் பின்னால் லொடலொடத்துக்கொண்டே வந்தான். ஒரு நடைபாலம் தாண்டியதும் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் ஒழிந்ததே என்று சந்தோஷமாக மிதித்து, வழக்கமாக நாங்கள் உட்காரும் காப்பிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒரு தே, அவனுக்குப் பாலும் சீனியும் போடாத வெறும் தேநீர், தே ஓ. இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கைப்பேசியை எடுத்தால் அவனிடமிருந்து இரண்டு அழைப்புகள். ஓட்டும்போது சத்தத்தை அணைத்து வைப்பது நானே போட்ட விதி, அதனால் கேட்கவில்லை. ஆனால் அங்கே, மேசையில், கண்ணால் பார்த்தேன். 'நீர்நாயைப் பார்த்திருப்பான், திரும்பி வா என்று கூப்பிடுகிறான், வரட்டும் ஐயா' என்று நினைத்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் தேயைக் குடித்தேன். இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். அவனுடைய தே ஓ ஆறிச் சில்லிட்டுப்போன பிறகுதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே திரும்பினேன். அவன் சத்தம் நின்று அரை மணி நேரம் இருக்கும். நடைபாலத்துக்குப் பக்கத்தில் கூட்டம். காலையில் ஓடப் போன ஒரு மலாய்க்காரர் அவன் நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தார், அவருக்கு வியர்வை கொட்டியது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு போன் பண்ணலயா அண்ணே?" என்று கேட்டார்.

"போன் பையில இருந்துச்சும்மா. சத்தம் கேக்கல. நான் பாக்கவே இல்ல" என்றேன். சொன்ன வேகத்தைப் பார்த்தால் முன்கூட்டியே யோசித்து வைத்தவன் மாதிரி இருந்தது. அவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு பொய்யை மூன்று வருஷம் சுமந்தேன்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பொங்கோலில் ஓட்டிக்கொண்டிருப்பேன், பின்னால் லொடலொடவென்று கேட்கும். காலை ஊன்றித் திரும்புவேன். பின்னால் வருபவர்கள் "என்ன அங்கிள்?" என்பார்கள். "செயின் இடிக்குது" என்பேன். என் செயினில் ஒரு கோளாறும் இருக்காது. அதைவிட மோசம் வாட்ஸ்அப். அவன் எண்ணைக் குழுவிலிருந்து நீக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சனிக்கிழமை நிறம் போட்டதும், யார் யார் படித்தார்கள் என்று பார்த்தால், முதல் ஆளாக அவன் பெயர் வந்து நிற்கும். அவன் மனைவிதான் அந்தக் கைப்பேசியை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் பக்கென்றிருக்கும். அதற்காகப் பார்க்காமலும் இருக்க முடியாது.

ஒரு நாள் அந்த அம்மாவே பொங்கோலுக்கு வந்து நின்றார். தலையில் புது ஹெல்மெட், கையில் வாடகைச் சைக்கிள். ஐம்பத்து நாலு வயதில், சமூக மன்றத்தில் பெண்களுக்கு நடத்திய வகுப்பில் பழகியிருக்கிறார். "நானும் வரேன் அண்ணே" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மெதுவாகத்தான் ஓட்டுவார். எதிரே யாராவது வந்தால் இறங்கி நின்றுவிடுவார். இரண்டே மாதத்தில் பச்சையை முடித்தார், அடுத்த இரண்டு மாதத்தில் மஞ்சளும் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் தோசை சாப்பிடும்போது, "காலாங் எப்போ அண்ணே?" என்று ஒரு வார்த்தை போடுவார். "இன்னும் கொஞ்சம் பழகுங்கம்மா, அது ரொம்பக் கஷ்டம்" என்பேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொள்வார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. திரையில் செத்துப்போன என் நண்பனின் பெயர், அவன் சிரித்துக்கொண்டிருக்கும் படம். கீழே, "நாளைக்கு காலாங். நம்ம ரெண்டு பேர் மட்டும்." கைப்பேசியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். பிறகு "சரி" என்று அனுப்பினேன்.

மறுநாள் தோ பாயோவிலிருந்து கிளம்பினோம். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. ஓரிடத்தில் இறங்கித் தள்ளினோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் சமமான பாதை நீண்டுகொண்டே போனது. அது நீள நீள, நான் சொன்ன கஷ்டம் எங்கே என்று அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. எங்கேயாவது ஒரு மேடு வந்துவிடாதா என்று நானும் தேடினேன், வெட்கக்கேடு.

நடைபாலத்துக்கு அருகில் நானே நின்றேன். "இங்கதான்" என்றேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து தரையைத் தொட்டார். அழவில்லை.

"நீங்க உக்காந்திருந்த காப்பிக்கடை எங்க அண்ணே?"

"நேராப் போயி, அடுத்த பாலம் தாண்டி இடது பக்கம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் முன்னாடி போறேன். ஒண்ணும் சொல்லாம பின்னாடி வாங்க."

போனார். நாயோடு நடந்துவந்த ஒரு சீனப் பாட்டிக்காக ஒருமுறை இறங்கி நின்றார். ஒரு வளைவில் கைப்பிடி ஆடியது, சமாளித்துக்கொண்டார். கடை முன்னால் இறங்கி மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். இதற்குமேல் தாங்காது என்று வாயைத் திறந்தேன். "அன்னைக்கு போன் பையில இல்லம்மா. நான் பாத்தேன். பாத்துட்டும்…"

"தெரியும் அண்ணே."

தன் கணவனின் கைப்பேசியை எடுத்துக் குழுவில் மேலே மேலே தள்ளி, ஒரு படத்தைக் காட்டினார். இந்தக் கடை மேசை. இரண்டு கிளாஸ். கீழே நான் எழுதியிருந்தேன்: 'ரெண்டு பேர்தான் வந்தோம். மத்தவங்க நல்லா தூங்குங்க.' அப்படி ஒரு படம் போட்டது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அவன் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டு நாலாவது நிமிஷத்தில் போட்டிருக்கிறேன். குழுவில் எல்லாரும்தான் அதைப் பார்த்தார்கள். அவன் என்னைக் கூப்பிட்ட நேரம் இவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இத மூணு வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றார். "அதுக்கு உங்கமேல கோவமே வரல. அவரு அப்படித்தான், கொக்கப் பாத்தாலும் போன் பண்ணுவாரு. நானே எத்தனை தடவை எடுக்காம விட்டிருக்கேன்."

"மன்னிச்சிடும்மா."

"அது இல்ல அண்ணே. நீங்க சிவப்பு போட்டீங்க பாத்தீங்களா, அதச் சொல்றேன். அந்தப் பாதை அவ்ளோ கஷ்டம், நீங்க போனை எடுத்திருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்க முடியாதுன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் தெனம் தூங்கினேன். ஒரு தடவை கண்ணால பாத்துட்டா மனசு ஆறிடும்னுதான் சைக்கிளே கத்துக்கிட்டேன்."

அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நேத்து கத்துக்கிட்டவ நான். எறங்கி நின்னு, தடுமாறி, ஏழே நிமிஷத்துல வந்துட்டேன். இனிமே எத நெனச்சுத் தூங்கறது, சொல்லுங்க."

கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.