ஒரே ஒரு வரி போல்டு

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி ஆபீசில், 2003-ல், கம்ப்யூட்டர் தெரிந்தவள் பொன்மலர் ஒருத்திதான். தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்த அப்பாவின் வீட்டில் முதல் பட்டதாரி. டைப் அடிப்பது, கூரியர் கட்டுவது எல்லாம் போக, கம்பெனியின் வெப்சைட்டும் அவள் தலையில்தான் விழுந்தது.

மேனேஜர் மக்பூல் அகமதுவுக்கு எல்லா வரியும் போல்டாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும், எழுத்தைத் தடிப்பாக்கும் 'பி' குறியைப் போட்டுக் கொடுத்தாள். போன மாதம், வழக்கமாகச் சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரர் பிரவுன் ஷூவுக்கு ஆர்டர் அனுப்பிவிட்டார். பிரவுன் நிறுத்தியாயிற்று என்ற வரி பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. தடித்த எழுத்துகளின் நெரிசலில் அது அவர் கண்ணில் படவில்லை.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார் மக்பூல்.

எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, பிரவுன் வரிக்கு மட்டும் 'ஸ்ட்ராங்' என்ற குறியைப் போட்டாள். முக்கியமானதற்கு அதுதான் சரி என்று புத்தகத்தில் படித்திருந்தாள்.

"இன்னாம்மா இது, சோறு தின்னாத எழுத்தாட்டம் கீது? போல்டு போடு."

"எல்லாத்துக்கும் போட்டா எதுவுமே தனியா தெரியாது சார்."

"படிச்ச பொண்ணுன்னா எதுக்கெடுத்தாலும் ஒரு பதிலு. போடும்மா."

எடுப்பதும் போடுவதுமாக ஒரு வாரம் போனது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். இதற்கா படித்தோம் என்றிருக்கும். தான் பேசுவது நியாயமா, படித்த திமிரா என்றும் விளங்கவில்லை.

சனிக்கிழமை ஆபீசுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மக்பூல் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் படித்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும், "வெளிச்சம் கம்மி" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஏன் போல்டு வேண்டும் என்று ஒருநாளும் அவரைக் கேட்கவில்லையே. பொன்மலர் எழுத்துகளின் அளவைப் பெரிதாக்கினாள். போல்டு அந்த ஒரு வரிக்கு மட்டும்.

"இப்ப சரி! இதுக்கா இத்தினி நாள் பேஜார் பண்ணே?"

பொன்மலர் பக்கத்தை சேவ் செய்தாள்.

"மேல என் பேரு கீதே, அதையும் அந்த வரியாட்டம் அழுத்தமாக் காட்டு."

"முடியாது சார். அது ஒண்ணுதான்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் முறைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தபடியே அந்த பிரவுன் வரியை வாசித்தார். "சரி, வுடு."

அடுத்த வாரம் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. பிரவுன் இல்லை என்று பார்த்தேன், கறுப்பே அனுப்புங்கள். அதைப் பிரிண்ட் எடுத்து மக்பூலின் மேசையில் வைத்துவிட்டு, பொன்மலர் கூரியர் கட்டப் போனாள்.